எடைமேடையில் ஏழாம் தேதி

ஜனவரி ஏழு என்று
முதல் சீட்டில் குத்தும்போது மணி ஆறே முக்கால்.
சுந்தரேசுவின் லாரி, நனைந்த செம்பனைக் குலைகள்,
பதினெட்டு டன் எழுநூற்று நாற்பது.
கொட்டிவிட்டுத் திரும்புகையில் வெறும் வண்டியை நிறுப்பேன்.
முதலதில் இரண்டாவது போனால்
ஆலைக்கு வந்து சேர்ந்தது எவ்வளவென்று தெரியும்.
எனக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

லாரிக்கும் லாரிக்கும் நடுவில்
இழுப்பறையைப் பாதி திறந்து வைத்துப் போர்களைப் படிக்கிறேன்.
பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்றார் பெரிய கிராணி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடக்கிற சாலையைக் காட்டினேன்.

துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவருக்கு வரும் இதே சாலை.
நாற்பத்திரண்டில், இதே ஏழில்,
தேயத் தொடங்கிய நிலாவில் டாங்கிகள் வந்தன.
வளைவை நிமிர்த்தியபோது கைவிட்ட பழைய ரோட்டுத் துண்டுகள்
ரப்பர் மரங்களுக்குள் படுத்திருந்தன.
அவற்றை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை.
அந்த வழியே சுற்றிக் காவலர்களின் முதுகுக்கு வந்தார்கள்.
சாலையில் வரிசையாக நடந்துகொண்டிருந்த கூர்க்காக்கள்
பின்னால் கேட்ட இரைச்சலைத் தங்கள் லாரி என்றெண்ணி
ஓரமாக ஒதுங்கிக்கூட இருக்கலாம்.

புத்தகம் மணி மூன்றரை என்கிறது.
வந்தவர்கள் கையில் தோக்கியோ நேரம்,
அவர்களுக்கு அப்போது ஐந்து.
ஒரே குண்டு இரண்டு கடிகாரத்தில் வெடித்தது.

கேட்டில் இருக்கும் தேக் பகதூர் நேப்பாளத்துக்காரன்.
இரவெல்லாம் இந்தச் சாலையையே பார்த்து உட்காருகிறவன்.
அவனிடம் நான் இதைச் சொன்னதில்லை.

அதற்கு நூற்றொரு வருடம் முந்தி,
சீனத்து முத்து ஆற்றின் வாயில், சுவென்பி.
அபினி விற்க நடந்த போர்.
கோட்டைமேல் ஏறியவர்களில்
"முப்பத்தேழாம் மதராஸ் காலாட்படை."
அரை வரி. அவ்வளவுதான்.
கப்பல்களுக்கு மட்டும் பெயர் இருக்கிறது.
சிப்பாய்க்கு எந்த ஊர்,
சம்பளத்தை யாருக்கு அனுப்பச் சொன்னான்,
பயந்தபோது வாயில் வந்த சொல் தமிழா தெலுங்கா,
ஒன்றும் இல்லை.
அந்த அரை வரியைப் பென்சிலால் சுற்றினேன்.
அதற்குமேல் நிறுக்க எதுவும் கிடைக்கவில்லை.

மத்தியானம் ஜைலானி வாங்கிவந்த நாசி லெமாக்.
எழுபத்தொன்பதில் புனோம் பென்.
வியட்நாமியர் நுழைந்தபோது
கதவடைக்கவும் கைதட்டவும் ஊரில் ஆளில்லை.
கிட்டத்தட்ட நாலு வருடமாகத் துரத்திக் காலியாக்கிய நகரம்.
மேடையில் ஏற்றினால் வெறும் வண்டி.
சம்பல் காரமாக இருந்தது, பாதியில் மூடிவிட்டேன்.

கலே என்ற ஊரை ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடம் இழந்ததும்
ஏழாம் தேதிதான், ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தெட்டில்.
ஆனால் அது பழைய நாட்காட்டியின் ஏழு.
இருபத்துநாலு வருடம் கழித்துப் போப் ஒருவர்
பத்து நாளை எடுத்துக் குப்பையில் போட்டார்.
சரியாக நிறுத்தால் அது பதினேழு.
என் பட்டியலிலிருந்து அடித்துவிடலாமா என்று பார்த்தேன்.
செத்தவனுக்கு அன்றைக்கு ஏழுதானே.
விட்டுவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு ஆபீசிலிருந்து போன்.
"ஏம்மா காஞ்சனவல்லி,
இன்றைக்கு வந்த பதினொரு லாரியும்
நேற்று வந்ததாக இருக்கே?"

முத்திரைச் சக்கரத்தைத் திருப்ப மறந்திருக்கிறேன்.
கட்டைவிரலால் தள்ளினேன்.
மை காய்ந்து இறுகிய ரப்பர்,
ஏழும் போகாமல் எட்டும் வராமல்
நடுவில் நின்றது.
இன்னும் அழுத்தினேன். நகம் கறுத்ததுதான் மிச்சம்.

துரோலாக் பக்கமிருந்து ஒரு லாரி திரும்பி
மேடையில் ஏறியது.
கண்ணாடி அதிர்ந்தது.
பதினேழு டன் தொள்ளாயிரத்து இருபது.
தேதியைக் கையால் எழுதினேன்.